ஜூன் மாதத்தில் இல்லாதவள்

பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறையில் அவளுக்குப் பெயர் தற்காலிகம். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'தற்காலிகம் வந்தாச்சா?', 'அந்தச் சாவியைத் தற்காலிகத்துகிட்ட குடு' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒருமுறை அவளே போனில் 'தற்காலிகம் பேசறேன்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் நீடித்த தற்காலிகத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? நிரந்தரம் என்று வந்து ஒட்டிக்கொண்டவர்களில் மூன்று பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள், ஒருவர் அரசியலுக்குப் போனார், நிரந்தரமாகக் கட்டிய மாடிப்படி ஒன்று இடிந்து விழுந்தது. இவள் மட்டும் அப்படியே இருந்தாள்.

அவள் சொல்லிக்கொடுத்தது ருஷ்ய மொழி. அதை அவள் தேடிப் போய்ப் படித்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். பதினேழு வயதில் பிரெஞ்சு படிப்பதற்கென்று விண்ணப்ப வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது பிரெஞ்சு விண்ணப்பம் தீர்ந்துவிட்டது. ஜன்னலுக்குள் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், 'இதுவும் வெளிநாட்டுப் பாஷைதான், நிரப்பிக் குடும்மா' என்று ஒரு தாளை நீட்டினார். அப்படித் தலையில் கட்டிய மொழி, வேண்டி விரும்பிப் படித்தவர்களுக்கெல்லாம் கைவராத அழகில் அவளுக்குக் கைவந்தது. கடல் தாண்டிப் போனதில்லை, பனியைக் குளிர்பதனப் பெட்டியின் மேல் தட்டில்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் கோபம் வந்தால் அவள் மனதுக்குள் ருஷ்ய மொழியில்தான் திட்டுவாள். துறையில் யாருக்கும் அது புரியாது என்பது ஒரு பெரிய வசதி.

அவளுடைய வேலை உத்தரவு பதினோரு மாதத்துக்கு. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை பார்த்தால் ஒரு ஆள் 'என்னை நிரந்தரமாக்கு' என்று கேட்கலாம் என்று சட்டத்தில் எங்கேயோ எழுதித் தொலைத்திருந்தார்கள். அதனால் மே முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு அவள் இல்லாமல் போவாள். ஜூலை முதல் தேதி காலை பத்து மணிக்கு மறுபடி உண்டாவாள். நடுவில் இருக்கும் ஜூன் மாதத்தில் அவள் உலகத்திலேயே கிடையாது. அலுவலக எழுத்தர் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போடுவார். அதனாலேயே அவருக்குச் சிவப்பு மை என்று பெயர். அவளுடைய நாற்காலியை அலமாரிக்கு மேலே கவிழ்த்து வைப்பார்கள். தேநீர்க் கணக்கில் ஒரு கோப்பை குறையும்.

வீட்டில் ஜூன் மாதம் இதைவிட மோசம். அவள் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிப்டெல்லாம் அவர் கை பட்டு ஓடும், அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடிக்குப் போகும் லிப்ட் மட்டும் ஆறு வருஷமாக அசையாது. மனுஷர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய அக்கா பேசுவாள். ஜூன் பிறந்தால் போதும், நாத்தனார் மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து, 'இந்த மாசம் சும்மாதானே இருக்கே' என்று ஒரு மூட்டை தலையணை உறையைத் தைக்கப் போட்டுவிட்டுப் போவாள். சும்மா என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டால் தற்காலிகத்துக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறும். ஏறி என்ன செய்ய, உட்கார்ந்து தைப்பாள்.

அந்த வருஷம் துறைக்குப் பெரிய இடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாற்பது மாணவர் சேராத மொழியை இழுத்து மூடிவிடுவார்களாம். போன வருஷம் ருஷ்ய மொழிக்குச் சேர்ந்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் அறை எண்ணைத் தப்பாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள், வந்த பிறகு எழுந்து போகக் கூச்சப்பட்டு வருஷம் முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே கணக்கு வெட்டவெளிச்சம். சேருகிறேன் என்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டால் ஜூலை முதல் தேதி அவளுக்கு உத்தரவு, இல்லையென்றால் வருஷம் முழுக்க ஜூன்.

கையெழுத்து பிடிப்பதற்காகத் துறைத்தலைவர் ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். ஊரில் உள்ள மேல்நிலைப் பள்ளி மாணவர்களையெல்லாம் ஒரு நாள் அழைத்து வந்து அயல்மொழிகளை அறிமுகப்படுத்துவது. துறைத்தலைவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். பிரெஞ்சில் முனைவர் பட்டம் வாங்கியவர். வாங்கிய நாளிலிருந்து அந்த மொழியை ஒரு நாளும் தொந்தரவு செய்ததில்லை. விழாவுக்கு நாள் குறித்தார், பந்தல் சொன்னார், பதாகை அடித்தார், எல்லாம் முடிந்த பிறகுதான் அது ஜூன் பதினான்கு என்பதை யாரோ கவனித்தார்கள்.

ருஷ்ய மொழி அரங்கில் நிற்க ஊரிலேயே ஒரே ஒரு ஆள்தான் உண்டு, அந்த ஆள் ஜூனில் கிடையாது. துறைத்தலைவர் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துவிட்டு அவளுக்குப் போன் போட்டார். "மேடம், நீங்க அன்னைக்கு வரணும். ஆனா வந்த மாதிரி இருக்கக் கூடாது" என்றார்.

விஷயம் இதுதான். அவள் வந்து வேலை பார்த்தாள் என்று ஒரு தாளில் ஏறிவிட்டால் பன்னிரண்டு மாதமும் தொடர்ச்சி ஆகிவிடும், பிறகு அவள் நிரந்தரம் கேட்பாள், சிவப்பு மை இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆகவே கையெழுத்துப் போடக்கூடாது, மார்பில் பெயர் அட்டை குத்தக்கூடாது, படத்தில் விழக்கூடாது, சிறப்பு விருந்தினர் வந்தால் வாயே திறக்கக்கூடாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உத்தரவு தன்னுடையது, மொழியும் தன்னுடையது, இதில் ரோஷம் பார்த்தால் நஷ்டம் யாருக்கு? தலையணை உறையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம் எழுதினாள். ருஷ்ய எழுத்தில் மேலே, அதே ஒலி தமிழ் எழுத்தில் கீழே. பொருளை எழுதவில்லை. பொருளை ஆளுக்கு ஆள் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவள் வைத்திருந்த வழக்கம். எழுதிப்போட்டால் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

விழா நாளில் ஆறு அரங்கு. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழி எல்லாம் நடைபாதையின் வெளிச்சமான பக்கம். ருஷ்ய மொழி கழிவறைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே. வந்த பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு அட்டை. அதில் ஆறு கட்டம். ஒவ்வொரு அரங்கிலும் ஒரு முத்திரை வாங்க வேண்டும், ஆறும் நிரம்பினால்தான் சாப்பாட்டுப் பெட்டி. இந்த யோசனை துறைத்தலைவருடைய சொந்த மூளையில் உதித்தது. சும்மா சொல்லக்கூடாது, அதுவரை அவர் மூளையில் உதித்தவற்றில் வேலை செய்தது இது ஒன்றுதான்.

எப்படி வேலை செய்தது என்கிறீர்களா? ஜெர்மன் அரங்கில் ஒருவர் இரண்டு கையிலும் இரண்டு முத்திரை வைத்துக்கொண்டு குத்தினார். ஜப்பானிய அரங்கில் காகிதக் கொக்கு மடிக்கச் சொல்லித் தருவதாக இருந்தது, கூட்டத்தைப் பார்த்ததும் கொக்கைக் கைவிட்டுக் குத்த ஆரம்பித்தார்கள். பிரெஞ்சில் குத்துகிறவருக்குக் கை வலித்துப் பிள்ளைகளிடமே முத்திரையைக் கொடுத்துவிட்டார். ஐந்து நாட்டு மொழிகளைக் கால் மணி நேரத்தில் கரைத்துக் குடித்துவிட்டு, இருநூற்று நாற்பது பிள்ளைகளும் கையில் அட்டையோடு மாடிப்படிக்குக் கீழே வந்து மோதினார்கள்.

தற்காலிகம் முத்திரையை மேசை மேல் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். முதலில் நின்ற பெண் அட்டையை நீட்டினாள். இவள் அதை வாங்காமல், தான் எழுதி வைத்த வாக்கியத்தைக் காட்டினாள்.

"இதைச் சொல்லு. சொன்னாத்தான் குத்துவேன்."

"இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

அவள் குனிந்து அந்தப் பெண்ணின் காதில் சொன்னாள். பெண் சிரித்துவிட்டு, அட்டையில் உள்ளதைப் பார்த்து, 'மி கலோத்னியே, க்தே அபேத்' என்றாள். இவள் உச்சரிப்பைத் திருத்தினாள். இரண்டாம் முறை சரியாகச் சொன்னதும் குத்தினாள். அடுத்த பிள்ளை, அடுத்த காது. நாங்கள் பசியாக இருக்கிறோம், சாப்பாடு எங்கே என்பதுதான் வாக்கியம். மணி பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது, பிள்ளைகள் காலையில் ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். தங்கள் வயிற்றில் இருப்பதைச் சொல்ல ஒரு மொழி இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஒரே குஷி. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முன்னால் இருப்பவர்களிடமிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். வரிசை படியைச் சுற்றி, நடைபாதை நீளத்துக்குப் போய், வாசலில் நின்ற வேப்பமரம் வரை நீண்டது.

துறைத்தலைவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். சிறப்பு விருந்தினர் வாசலுக்கு வந்துவிட்டார், இங்கே ஒரே நெரிசல், சட்டுபுட்டென்று குத்தி அனுப்பச் சொன்னார்.

"முத்திரை குத்தறதுக்கு நான் தபாலாபீஸ் இல்ல சார்" என்றாள்.

இது உத்தரவு என்றார் அவர்.

"ஜூன் மாசம் எனக்கு உத்தரவு போட உங்களால முடியாதே சார். நான்தான் இல்லையே."

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டு அவளுக்கே உள்ளூர ஜில்லென்று இருந்தது. துறைத்தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இல்லாத ஆளை என்ன செய்ய முடியும், வேலையை விட்டுத் தூக்குகிறேன் என்று மிரட்டக்கூட வழியில்லை.

அதற்குள் சிறப்பு விருந்தினரே வந்துவிட்டார். அவர் கிரானைட் குவாரிகளின் முதலாளி. புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மொழிகள் கட்டடத்துக்குத் தரைக்கல் முழுவதும் அவர் உபயம். பெரிய கார், பெரிய வயிறு, பெரிய மனசு. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைக்கப் போகிறவர் இவர்தான் என்று எந்தப் பிள்ளை கிளப்பிவிட்டதோ, அவர் தலையைக் கண்டதும் இருநூற்று நாற்பது தொண்டையும் ஒன்றாகத் திறந்தது. மி கலோத்னியே! க்தே அபேத்! சுவர் அதிர்ந்தது. முதலாளி அப்படியே நின்றுவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன சொல்றாங்க?" என்று துறைத்தலைவரைக் கேட்டார்.

துறைத்தலைவர் தற்காலிகத்தைப் பார்த்தார். அவள் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அவசர அவசரமாகக் கையை அசைத்தார், பேசாதே என்று. விருந்தினர் முன்னால் வாய் திறந்தால் இவள் இருந்தாள் என்று ஆகிவிடுமே. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தெரியாது என்று சொல்ல முனைவர் பட்டம் இடம் கொடுக்குமா?

"அறிஞர்களை வரவேற்கிற பழங்கால வாழ்த்து சார். அந்த நாட்டுல அரசர்களுக்குப் பாடுவாங்க" என்றார்.

முதலாளி கைகூப்பினார். பிள்ளைகள் இன்னும் உரக்கக் கத்தினார்கள். அவர் இன்னும் தாழ்ந்து கைகூப்பினார். தற்காலிகம் முத்திரையைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்று மாலைக்குள் ருஷ்ய மொழிக்கு அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மற்ற ஐந்து மொழிக்கும் சேர்த்து முப்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்து மூன்று மாடியும் ஒரே மூச்சில் ஏறினாள். அறுபத்து மூன்று என்று சொன்னதும் லிப்ட் மெக்கானிக் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். அவரைப் பொறுத்தவரை அது கைதட்டலுக்குச் சமம். நாத்தனார் மட்டும், 'அப்ப அந்த உறையெல்லாம் எப்போ முடிப்பே?' என்றாள். இவள் அன்று ராத்திரி ஒரு உறையும் தைக்கவில்லை.

இனி அறிக்கை. துறைத்தலைவர் அறிக்கை எழுத உட்கார்ந்தார், சிவப்பு மை பக்கத்தில் நின்றார். ஒவ்வொரு அரங்குக்கும் நேரே 'நடத்தியவர்' என்று ஒரு கட்டம். ருஷ்ய மொழிக்கு நேரே என்ன எழுதுவது? அவள் பெயரைப் போட்டால் வம்பு. வேறு யார் பெயரையாவது போட்டால், அவரை நாளைக்கு ஒரு வார்த்தை பேசிக்காட்டச் சொன்னால் நாறிப்போகும். ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, 'யாருமில்லை, அரங்கு தானாக இயங்கியது' என்று எழுதினார்கள். படங்களும் அதற்கு ஒத்துழைத்தன. படம் பிடித்தவனிடம் முன்னமே சொல்லி வைத்திருந்ததால் வரிசை தெரிந்தது, பிள்ளைகள் தெரிந்தார்கள், வாக்கியம் எழுதிய அட்டை பளிச்சென்று தெரிந்தது. மாடிப்படித் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் முத்திரையோடு நீண்டிருந்தது.

ஜூலை முதல் தேதி காலை பத்து மணிக்கு அவள் உண்டாவதற்காகப் போனாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். நாற்காலி அலமாரிக்கு மேலேயே இருந்தது. துறைத்தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். அதற்கு முன் அவர் அவளுக்காக எழுந்து நின்றதே இல்லை.

ருஷ்ய மொழி பிழைத்துவிட்டது என்றார். ஆட்சிக் குழு அறிக்கையைப் பார்த்து அசந்துபோய்விட்டதாம். ஆசிரியரே இல்லாமல் அறுபத்து மூன்று பேரைச் சேர்த்த மொழிக்கு ஆசிரியர் எதற்கு என்று ஒரு உறுப்பினர் கேட்டாராம், மற்றவர்கள் மேசையைத் தட்டினார்களாம். அதனால் இனி கணினி அறையில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் தாங்களே படிப்பார்கள். அவர் வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் மேசை மேல் ஒரு ஒலிவாங்கி தயாராக இருந்தது. பாடங்களையெல்லாம் அவளுடைய குரலில் பதிவுசெய்து கொடுத்தால் துறைக்குப் பேருதவியாக இருக்கும், சேவையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவள் சுவரைப் பார்த்தாள். விழாப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"அந்தக் கை யாரோடது சார்?"

துறைத்தலைவர் திரும்பிப் பார்த்தார். "அது... பொதுவா ஒரு கை மேடம்" என்றார்.

பத்தொன்பது வருஷம். ஒரு நாள் லீவு கூட எடுக்காமல், ஜுரத்தோடு வந்து, அறை தப்பி வந்த இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடம் நடத்திய பத்தொன்பது வருஷம். பொதுவா ஒரு கை. அவளுக்குக் கண்ணை முட்டிக்கொண்டு வந்தது. இவர் முன்னால் அழுதால் அதையும் தானாக இயங்கியது என்று எழுதுவார்கள் என்று தோன்றியதும் அழுகை நின்றுவிட்டது.

"இல்லாதவளுக்கு ஏது சார் குரல்?" என்று எழுந்தாள்.

அவள் வாசல் வரை போன பிறகு துறைத்தலைவருக்கு இன்னொரு சின்ன வேலை ஞாபகம் வந்தது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். கிரானைட் முதலாளி அந்த வரவேற்பு வாழ்த்தை மறக்க முடியாமல், புதுக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். ஒரு அடி உயர எழுத்து, பொன் வண்ணம். படத்தில் இருந்த அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், கல்லில் ஏறிவிட்டால் மாற்ற முடியாதே, ஒருதரம் பார்த்துச் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

தற்காலிகம் தாளை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சைத் தாள் திருத்துகிறவள் மாதிரிப் பார்த்தாள். நாங்கள் பசியாக இருக்கிறோம், சாப்பாடு எங்கே.

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு சார். ஒரு தப்பும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணினி அறையில் அறுபத்து மூன்று பேர் முப்பது ஆனார்கள், முப்பது பதினொன்று ஆனார்கள். அதில் ஆறு பேர் எப்படியோ விலாசம் விசாரித்து, சனிக்கிழமை தோறும் மூன்று மாடி ஏறி அவள் வீட்டுக்கு வந்தார்கள். நாத்தனார் சும்மா என்ற சொல்லை ஆறு பேர் எதிரில் சொல்ல முடியாமல் தவித்தாள். லிப்ட் மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து அந்த லிப்டைச் சரிசெய்தார்.

மார்கழிக் குளிரில் புதுக் கட்டடம் திறந்தார்கள். மறுவாரச் சனிக்கிழமை ருஷ்யாவிலிருந்தே ஒரு பேராசிரியை, வயதானவர், பார்வையிட வந்தார். அன்று மத்தியானம் தற்காலிகத்தின் வீட்டில் போன் அடித்தது. துறைத்தலைவர்தான். குரல் கிசுகிசுவென்று இருந்தது, எங்கேயோ தூணுக்குப் பின்னால் நின்று பேசுகிறவர் மாதிரி.

"மேடம், ஒரு சந்தேகம். அந்தம்மா வாசல்ல நின்னு கல்லைப் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. அப்புறம் என்னை ஒரு மாதிரியா பார்த்துட்டு, பையைத் திறந்து ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில குடுத்தாங்க. ஏதோ கேட்டாங்க, நான் தலையாட்டினேன். இன்னொரு ஆப்பிளும் குடுத்தாங்க. அது அவங்க ஊர் மரியாதையா?"

"சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பிட்டேன்."

"அப்ப சரி."

"மேடம், வெச்சிடாதீங்க. கல்லுல என்னதான் எழுதியிருக்கு? முதலாளி வேற பக்கத்துல நிக்கிறாரு, அவரு இன்னும் நாலு கட்டடத்துல அதையே போடப்போறேங்கறாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் ஆறு பிள்ளைகளும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பன்னெண்டு மாசத்துக்கு ஒரு உத்தரவு அனுப்புங்க சார். ஜூன் மாசமும் சேர்த்து. அது வந்த அன்னைக்கே வந்து படிச்சுச் சொல்றேன்" என்றாள்.

உத்தரவு இன்னும் வரவில்லை. கல் அங்கேதான் இருக்கிறது.